மனக்கவசமும் மனோவசியமும்: கேள்வி – பதில்

கொழும்பில் மருத்துவ உளவியலாளராகப் பணியாற்றி ஓய்வுபெற்றவள் நான். தாங்க முடியாதவற்றிலிருந்து தன்னைக் காக்க மனம் தன்னையறியாமல் கையாளும் தற்காப்புப் பொறிமுறைகள் பற்றியும், மனோவசியம் எனப்படும் ஹிப்னாடிசம் பற்றியும் கேள்விகள் அனுப்புமாறு கேட்டிருந்தேன். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து, ஆட்களை அடையாளம் காட்டும் விபரங்களை நீக்கிவிட்டுப் பதில் எழுதுகிறேன்.

பம்பலப்பிட்டியிலிருந்து ஒரு வங்கி அதிகாரி: நான் யாரையும் இலகுவில் நம்புகிறவன் அல்லன். தூக்கமின்மைக்காக ஒருவரிடம் ஹிப்னாடிசம் செய்துகொள்ளப் போனேன். எதுவும் நடக்கவில்லை. "உங்கள் மனத்தில் தடுப்பு அதிகம், அதை உடைக்க இன்னும் பத்து அமர்வுகள் வேண்டும்" என்கிறார். உண்மையா?

பணத்தைக் கட்டிவிடாதீர்கள், ஐயா.

ஹிப்னாடிசத்துக்கு ஆட்படும் தன்மை ஆளுக்கு ஆள் வேறுபடும். சிலருக்குச் சுருதி பிடிபடுவதும் சிலருக்குப் பிடிபடாததும் போன்ற ஒரு திறன் அது. மனவலிமைக்கும் அதற்கும் தொடர்பில்லை. 1959இல் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் வைட்சன்ஹோபரும் ஏர்னஸ்ட் ஹில்கார்டும் இதை அளப்பதற்கு ஓர் அளவுகோலை உருவாக்கினார்கள். பன்னிரண்டு சிறு சோதனைகள். கண்ணை மூடிக் கையை முன்னால் நீட்டச் சொல்வார்கள். கை கனக்கிறது, கீழே இறங்குகிறது என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். பலருக்குக் கை இறங்கிவிடும். நான் இறக்கவில்லை, அது தானாகவே போனது என்பார்கள். அடுத்தடுத்த சோதனைகள் கடினமாகும். காதருகே ஓர் ஈ பறக்கிறது என்பார்கள், உங்கள் பெயரை உங்களால் சொல்ல முடியாது என்பார்கள். இவற்றுக்கு ஆட்படுகிறவர்கள் குறைவு. நூற்றுக்குப் பத்துப் பதினைந்து பேர் மிக உயர்ந்த மதிப்பெண் பெறுவார்கள், ஏறத்தாழ அதே அளவினர் மிகக் குறைந்த மதிப்பெண் பெறுவார்கள், மற்றவர்கள் நடுவில் நிற்பார்கள்.

மாணவர்களாக இருந்தபோது சோதிக்கப்பட்ட ஐம்பது பேரை 25 ஆண்டுகள் கழித்து மீண்டும் சோதித்து 1989இல் முடிவை வெளியிட்டார்கள். இரண்டு மதிப்பெண்களுக்கும் இடையிலான இணைவு 0.71 (முழுமையாக ஒத்துப்போனால் 1). வேலை, திருமணம், பிள்ளைகள் என்று வாழ்க்கையே மாறிப்போகும் காலப்பகுதியில் இந்த ஒன்று அவ்வளவாக மாறவில்லை. பயமும் தவறான எதிர்பார்ப்பும் நீங்கினால் ஒருவருடைய ஏற்புத்தன்மை ஓரளவு கூடலாம். அதற்குப் பத்து அமர்வுகள் தேவையில்லை, நேர்மையான ஒரு மணி நேரப் பேச்சு போதும்.

தடுப்பு என்று ஒன்றும் இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். இருக்கிறது. திறன் இருந்தும் கட்டுப்பாட்டை விட்டுக்கொடுக்க விரும்பாதவர்கள் உண்டு. 1979இல் வைன்பேர்கரும் சக ஆய்வாளர்களும் ஒருவகை மனிதர்களைப் பற்றி எழுதினார்கள். எனக்குப் பதற்றமே இல்லை என்று இவர்கள் சொல்வார்கள், அதை உண்மையாகவே நம்புவார்கள். ஆனால் சோதனையின்போது இதயத் துடிப்பும் உள்ளங்கை வியர்வையும் நெற்றித் தசையின் இறுக்கமும் வேறு கதை சொல்லும். இப்படிப்பட்டவர்களிடம் "உடலைத் தளர விடுங்கள்" என்றால் சில நேரம் இறுக்கம் கூடுகிறது. நீங்கள் அந்த வகையா என்பதை இங்கிருந்து என்னால் சொல்ல முடியாது. அப்படியே இருந்தாலும், அதை உடைக்க வேண்டிய பொருளாகப் பார்க்கும் ஒருவரிடம் போகாதீர்கள். தூக்கமின்மைக்கு முதலில் நாட வேண்டியது அதற்கென்றே வகுக்கப்பட்ட அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை, அதாவது தூக்கத்தைக் கெடுக்கும் எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றும் முறை. அதற்கு ஹிப்னாடிசம் அவசியமே இல்லை.

உளவளத்துணை டிப்ளோமா பயிலும் ஒரு மாணவி, தெஹிவளை: எந்தெந்தத் தற்காப்புப் பொறிமுறை உள்ளவர்கள் ஹிப்னாடிசத்துக்கு அதிகம் ஆட்படுவார்கள்? அட்டவணையாகத் தர முடியுமா? பரீட்சைக்கு வேண்டும்.

மகள், அப்படி ஓர் அட்டவணையை யாராவது தந்தாலும் வாங்காதீர்கள். ஆய்வுகள் அவ்வளவு ஒழுங்கான விடையைத் தரவில்லை. ஆளுமைக் கேள்விக்கொத்துகளால் ஆட்படும் தன்மையை முன்கூட்டிச் சொல்லப் பலர் முயன்றார்கள். பெரும்பாலும் ஏமாற்றமே மிஞ்சியது. ஓரளவு நிலைத்து நிற்பது, 1974இல் டெலகனும் அட்கின்சனும் விபரித்த ஈடுபாட்டுத் தன்மை ஒன்றுதான். கதை படிக்கும்போது பக்கத்தில் பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் கேட்காதவர்கள், பாட்டில் கரைந்துபோகிறவர்கள். அந்தத் தொடர்பும் மிதமானதுதான்.

ஆனால் இந்த இரண்டு துறைகளுக்கும் பிறப்பிலேயே உறவுண்டு. அதை நன்றாக எழுதினால் பரீட்சைக்குப் போதும். உளப்பகுப்பாய்வின் தந்தையான பிராய்ட் 1885–86 காலத்தில் பாரிஸில் நரம்பியல் மருத்துவர் சார்கோவிடம் பயின்றார். ஹிஸ்டீரியா (உடலில் கோளாறு இல்லாமலே வலிப்பு, முடக்கம் போன்றவை வரும் நிலை) உள்ளவர்களுக்கு மட்டுமே ஹிப்னாடிசம் பலிக்கும் என்பது சார்கோவின் கட்சி. சாதாரண மனிதர்களும் ஆட்படுவார்கள், இதன் அடிப்படை கருத்தேற்றம்தான், அதாவது சொல்லால் ஒரு கருத்தை மனத்தில் பதியவைப்பதுதான் என்பது நான்சி நகரத்துப் பேர்ன்ஹைமின் கட்சி. இந்த வழக்கில் வென்றது பேர்ன்ஹைம். பிராய்ட் 1889இல் அவரிடமும் போனார். ஊர் திரும்பிச் சிகிச்சை செய்தபோது, எல்லோரையும் ஆழ்ந்த நிலைக்குக் கொண்டுபோக அவரால் முடியவில்லை. முடிந்தவர்களிடத்திலும் குணம் நிலைக்கவில்லை. அந்தப் பத்தாண்டுக்குள் ஹிப்னாடிசத்தைக் கைவிட்டு, மனத்தில் தோன்றுவதையெல்லாம் தடையின்றிச் சொல்லவிடும் முறைக்கு மாறினார். அப்போதுதான் நோயாளிகள் எந்த இடத்தில் தடுமாறுகிறார்கள், எதைச் சுற்றிப் போகிறார்கள் என்பது அவருக்குத் தெரிந்தது. ஹிப்னாடிசம் அந்தத் தடையை மறைத்துவிடுகிறது என்பது பின்னாளில் அவர் சொன்ன குறை. நான் இதை மிக முக்கியமான அவதானிப்பாகக் கருதுகிறேன். 1894இல் தற்காப்பு என்ற கருத்தை எழுதினார். மகள் அன்னா பிராய்ட் 1936இல் அதைத் தனி நூலாகவே விரித்தார்.

பிற்காலத்தில் அமெரிக்க மனநல மருத்துவர் ஜோர்ஜ் வைலன்ட் தற்காப்புகளைப் படிநிலைப்படுத்தினார். உண்மையையே மறுத்தல் கீழ்ப்படியில், தன் குற்றத்தைப் பிறர்மேல் ஏற்றுதல் அதற்கு மேல், ஒடுக்குதலும் இடம்மாற்றலும் நடுவில், நகைச்சுவையும் பிறர்க்குதவலும் உன்னதமாக்கலும் (உந்துதலை நல்ல செயலாக மாற்றுதல்) மேற்படியில். மாமியார்மேல் உள்ள கோபத்தைச் சட்டிபானைமேல் காட்டுவது இடம்மாற்றல். இந்த உதாரணத்தை எழுதினால் பரீட்சகர் மறுக்க மாட்டார்.

இதில் ஒன்றை மட்டும் தனியாகக் கவனியுங்கள்: பிரிநிலை. தாங்க முடியாதது நடக்கும்போது அனுபவத்தின் ஒரு பகுதி மற்றதிலிருந்து பிரிந்து நிற்பது. பிரான்ஸில் பியர் ஜனே 1889இலேயே இதை எழுதினார். ஹில்கார்ட் 1977இல் ஹிப்னாடிசத்தையும் இதன் வழியாகவே விளக்கினார். வலி தெரியவில்லை என்று சொல்லும் ஒருவருக்குள், வலியை அறிந்திருக்கும் ஒரு மறைவான பார்வையாளர் இருப்பதாக அவர் கருதினார். ஸ்பானோஸ் போன்றவர்கள் இதை ஏற்கவில்லை. அந்தப் பார்வையாளரும் ஆய்வாளரின் சொல்லால் உருவானவரே என்றார்கள். வழக்கு இன்னும் தீரவில்லை. வியட்நாம் போரில் இருந்து திரும்பி மனவடுவால் அவதிப்பட்ட படையினரின் ஆட்படும் மதிப்பெண் சராசரியைவிட உயர்ந்திருந்தது என்று 1988இல் ஸ்பீகல் குழுவினர் கண்டார்கள். அதே நேரம், நோயற்ற பொதுமக்களிடத்தில் பிரிநிலைக்கும் ஆட்படுவதற்குமான தொடர்பு பலவீனமாகவே இருக்கிறது. இரண்டையும் சேர்த்து எழுதுங்கள்.

கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு பெரியவர்: அந்தக் காலத்தில் டாக்டர் கோவூர் பேய் பிடித்தவர்களை ஹிப்னாடிசத்தால் குணப்படுத்தினாரே. இப்போது ஏன் அப்படி ஒருவரும் இல்லை?

ஐயா, கோவூரை நினைவில் வைத்திருப்பவர்கள் இன்னும் இருப்பது எனக்கு மகிழ்ச்சி. கேரளத்தில் பிறந்து, இங்கே தாவரவியல் ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்று, பாமன்கடையில் வாழ்ந்து 1978இல் மறைந்தவர். பேயென்று சொல்லப்பட்டதன் பின்னால் சொல்ல முடியாத ஒரு துயரமோ பயமோ இருக்கும் என்று பார்த்தார். ஒரு வீட்டில் கல் விழுகிறதென்றால் அந்த வீட்டில் யார் வாய் திறக்க முடியாமல் இருக்கிறார்கள் என்று தேடினார். அந்தப் பார்வையை நான் மதிக்கிறேன். உடல் வழியே பேசும் மனம் என்று நாங்கள் இன்று சொல்வதும் அதுதான்.

இப்போது யாரும் இல்லை என்பது சரியல்ல. இதே வேலையை மனநலப் பிரிவுகளில் பலர் செய்கிறார்கள். ஹிப்னாடிசம் அவர்களுடைய கைவசமுள்ள பல முறைகளில் ஒன்று, அவ்வளவுதான்.

ஒரு தாய், வெள்ளவத்தை: மகனுக்குப் பத்து வயது. புலமைப்பரிசில் பரீட்சை நெருங்க நெருங்கக் காலையில் வயிற்றுவலி என்கிறான். டாக்டர் பார்த்தார், ஒன்றும் இல்லையாம். ஹிப்னாடிசம் செய்யலாமா? நடிக்கிறான் என்கிறார் அவனுடைய அப்பா.

நடிக்கவில்லை, அம்மா. அப்பாவிடம் இதை வாசித்துக் காட்டுங்கள். ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை என்பதற்காக வலி இல்லை என்றாகாது. பயம் என்று சொல்ல வாய் வராத வயதில் குடல் அதைச் சொல்கிறது. அதுவும் ஒரு தற்காப்புத்தான், அவனுக்குத் தெரியாமலே நடப்பது.

ஒன்பது முதல் பன்னிரண்டு வயதுவரை ஆட்படும் தன்மை வாழ்க்கையிலேயே உச்சத்தில் இருக்கும். பிள்ளைகள் கற்பனைக்குள் நடந்து போய்விடுவார்கள். காரணம் புலப்படாமல் நெடுநாள் வயிற்றுவலி உள்ள பிள்ளைகளுக்கு ஹிப்னாடிசம் உதவியதை நெதர்லாந்தில் 2007இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. ஆகவே உங்கள் கேள்விக்கு விடை, பயிற்சி பெற்ற ஒருவர் கிடைத்தால் செய்யலாம் என்பது.

ஆனால் அதற்கு முன் ஒரு காரியம். சனி ஞாயிறும் வகுப்பு, பாடசாலை விட்டு வந்தவுடன் வகுப்பு, இரவில் மாதிரி வினாத்தாள் என்று இருந்தால் அதைக் குறையுங்கள். சுமையை அப்படியே வைத்துவிட்டு வலியை மட்டும் எடுத்தால், பிள்ளை வேறொரு வழியில் சொல்லத் தொடங்குவான்.

ஒரு சட்ட மாணவர்: ஊசியைக் கண்டாலே மயங்கி விழுந்துவிடுவேன். ஞானப்பல் எடுக்க வேண்டும். ஹிப்னாடிசம் மரப்பூசிக்குப் பதிலாகுமா?

தம்பி, வரலாறு உங்களுக்குச் சாதகமாக ஒரு சாட்சி வைத்திருக்கிறது. வங்காளத்தின் ஹூக்ளியில் ஜேம்ஸ் எஸ்டெயில் என்ற மருத்துவர் 1845 தொடக்கம், மயக்க மருந்து வழக்கத்துக்கு வருமுன், ஹிப்னாடிசத்தின் முன்னோடியான மெஸ்மெரிச முறையால் பெரும் அறுவைச் சிகிச்சைகள் செய்தார். வலியை மூளை கையாளும் விதம் கருத்தேற்றத்தால் மாறுகிறது என்பதை 1997இல் ரெயின்வில் குழுவினர் மூளைப் படங்களில் காட்டினார்கள். அச்சநோய் உள்ளவர்கள், புகைத்தலை விட வந்தவர்களைவிடக் கூடுதலாக ஆட்படுகிறார்கள் என்று பிராங்கலும் ஓர்னும் 1976இல் கண்டார்கள்.

இருந்தாலும் மரப்பூசியைப் போட்டுக்கொள்ளுங்கள். ஹிப்னாடிசம் பதற்றத்தைக் குறைக்க உதவட்டும். இன்னொன்று, நீங்கள் மயங்கி விழுகிறவர். மற்ற அச்சங்களில் இரத்த அழுத்தம் கூடும். இரத்தம், ஊசி பற்றிய அச்சத்தில் கூடிவிட்டுச் சட்டென்று இறங்கும், அதனால்தான் மயக்கம். உடலைத் தளர்த்தும் பயிற்சி உங்களைப் போன்றவர்களுக்குச் சில வேளை பாதகமாகும். சுவீடனில் ஊஸ்ட் என்பவர் வகுத்த முறை நேர்மாறானது: கை, கால், வயிற்றுத் தசைகளை இறுக்கிப் பத்துப் பதினைந்து விநாடி பிடித்து, முகத்தில் சூடு தெரிந்ததும் இயல்பு நிலைக்கு வந்து, அரை நிமிடம் விட்டுத் திரும்பவும் செய்வது. மருத்துவரிடம் சொல்லிவிட்டு, ஊசி போடும் கையை மட்டும் தளர்வாக வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

மட்டக்குளியிலிருந்து ஒரு இல்லத்தரசி: தாலிக்கொடியை எங்கோ ஒளித்து வைத்துவிட்டு மறந்துவிட்டேன். அஞ்சனம் பார்த்தும் பலனில்லை. ஹிப்னாடிசத்தில் ஞாபகம் வருமா? வீட்டில் வேலைக்கு வந்த பெண்மேல் சந்தேகமாகவும் இருக்கிறது.

வேண்டாம், அம்மா. ஹிப்னாடிசம் நினைவைத் துல்லியமாக்குவதில்லை. அதிகம் சொல்லவைக்கும், சொன்னதில் உறுதியையும் கூட்டும். சரியானதும் தவறானதும் ஒரே உறுதியோடு வரும். "அவள் அலுமாரியைத் திறந்ததைக் கண்டேன்" என்று உங்கள் மனம் ஒரு காட்சியைப் புனைந்து தந்தால், உங்களுக்கே அது பொய்யென்று தெரியாது. ஏற்கெனவே சந்தேகம் இருக்கும் இடத்தில் இது ஒரு ஏழைப் பெண்ணின் வாழ்க்கையைக் கெடுக்கும். இந்தக் காரணத்தால்தான் ஹிப்னாடிசத்தில் வெளிவந்த சாட்சியத்தைப் பல நாடுகளின் நீதிமன்றங்கள் ஏற்பதில்லை அல்லது கடுமையாகக் கட்டுப்படுத்துகின்றன.

கொடியைக் கடைசியாகக் கழற்றிய நாளை நினைத்துப் பாருங்கள். அன்று வீட்டில் யார் வந்திருந்தார்கள், எதற்குப் பயந்து ஒளித்தீர்கள் என்று எழுதுங்கள். அரிசி வாளி, பழைய புடவை மடிப்பு, சாமிப் படத்தின் பின்புறம் எல்லாவற்றையும் வேறொருவரைக் கொண்டு தேடவையுங்கள்.

பெயர் குறிப்பிடாத ஒரு சகோதரி: என் தம்பி 2008இல் கொழும்பில் வைத்துக் கடத்தப்பட்டான். இன்றுவரை தகவல் இல்லை. அம்மா இன்றும் மதியத்தில் அவனுக்கு ஒரு கோப்பையில் சோறு போட்டு மூடி வைக்கிறார். மாலையில் அதைத் தானே சாப்பிடுகிறார். இது மறுத்தல் என்ற தற்காப்பு என்று ஓர் உளவளத்துணையாளர் சொன்னார். ஹிப்னாடிசத்தால் அவரை உண்மையை ஏற்கவைக்க முடியுமா?

தங்கச்சி, உங்கள் கேள்வியைப் பலமுறை படித்தேன்.

எந்த உண்மையை அம்மா ஏற்க வேண்டும்? ஒருவர் இறந்தது உறுதியாகத் தெரிந்த பிறகும் இறக்கவில்லை என்று நம்புவதுதான் மறுத்தல். உங்கள் தம்பிக்கு என்ன நடந்தது என்று யாரும் உங்கள் வீட்டுக்கு வந்து சொல்லவில்லை. உடல் இல்லை, திகதி இல்லை, எட்டுச் செலவு இல்லை, ஆண்டுத் திவசம் இல்லை. தெரியாத ஒன்றைத் தெரியாததாகவே வைத்திருக்கும் ஒரு தாயிடம் மறுத்தல் என்ற சொல்லை ஒட்டுவது தவறு. வியட்நாம் போரில் காணாமற்போன விமானிகளின் குடும்பங்களோடு 1970களில் பணியாற்றிய போலின் பொஸ், இதைத் தெளிவற்ற இழப்பு என்று பெயரிட்டு விளக்கினார். இழப்பும் முடியவில்லை, காத்திருப்பும் முடியவில்லை. குழப்பம் நிலைமையில் இருக்கிறது. அந்தத் தாயின் மனத்தில் நோயைத் தேடக் கூடாது என்பது அவர் வற்புறுத்திய விடயம். இந்த நாட்டில் எத்தனை வீடுகளில் இப்படி ஒரு கோப்பை மூடி இருக்கிறது என்பது உங்களுக்கும் எனக்கும் தெரியும்.

ஹிப்னாடிசத்தால் "அவன் வரமாட்டான்" என்று ஏற்றிவிட முடியாது. அம்மா விரும்பாததை அவருக்குள் திணிக்கும் வலிமை அதற்கு இல்லை. இருந்திருந்தாலும் நான் சம்மதித்திருக்க மாட்டேன். தற்காப்பு என்பது ஒரு மனிதர் விழாமல் நிற்பதற்குப் பிடித்திருக்கும் பிடி. வேறு பிடி கொடுக்காமல் அதை விடுவிக்க யாருக்கும் உரிமையில்லை. அம்மா மாலையில் அந்தச் சோற்றைத் தானே சாப்பிடுகிறார் என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் பாருங்கள். மகனையும் விடவில்லை, சோற்றையும் வீணாக்கவில்லை. அவர் நிலைமையைத் தெரிந்துதான் நடந்துகொள்கிறார்.

நீங்கள் கவலைப்பட வேண்டியவை வேறு: அவர் தூங்குகிறாரா, மருந்துகளை ஒழுங்காக எடுக்கிறாரா, அயலவரோடு பேசுகிறாரா, சாக வேண்டும் என்கிறாரா. இவற்றில் ஏதாவது பிழைத்தால் உடனே மருத்துவரிடம் போங்கள். இல்லையென்றால் ஒருநாள் மதியம் பக்கத்தில் உட்கார்ந்து தம்பியைப் பற்றிக் கேளுங்கள். உங்களுக்கும் ஒருவர் வேண்டும், தங்கச்சி. அம்மாவைப் பற்றி மட்டுமே எழுதியிருக்கிறீர்கள்.

புறக்கோட்டையில் கடை வைத்திருக்கும் ஒருவர்: ஆடிவேல் ஊர்வலத்தில் காவடி எடுப்பவர்களுக்கு அலகு குத்தினாலும் வலிப்பதில்லையே. அதுவும் ஹிப்னாடிசமா?

பறை, பாட்டு, விரதம், கூட்டத்தின் எதிர்பார்ப்பு, முருகன்மேல் உள்ள பக்தி எல்லாம் சேர்ந்து கவனத்தை ஒரே இடத்தில் குவிக்கின்றன. கவனம் அப்படிக் குவிந்தால் வலி பின்னுக்குப் போகும் என்பதில் இரண்டும் ஒத்திருக்கின்றன. அதற்கு மேல் இரண்டையும் ஒன்றென்று நான் சொல்ல மாட்டேன். காவடிக்கு வருகிறவருக்கு நேர்த்தி இருக்கிறது, அதற்கு அவர் தரும் பொருள் இருக்கிறது.

ஒரு பல்கலைக்கழக மாணவர்: ஹோட்டல் விருந்தொன்றில் மேடைக்குப் போன என் நண்பன் கோழிபோலக் கூவினான். விரும்பாததையும் செய்யவைக்க முடியுமென்று தெரிகிறதே?

மேடைக்குப் போக யார் கையை உயர்த்தியது? தானே முன்வருகிறவர்களில் இருந்து, நன்றாக ஆட்படுகிறவர்களை முதல் சில நிமிடங்களிலேயே பிரித்தெடுத்துவிட்டு மற்றவர்களை இறக்கிவிடுவார்கள். மிச்சத்தை மேடையும் கைதட்டலும் பார்த்துக்கொள்ளும். ஓர்னும் எவன்ஸும் 1965இல் செய்த சோதனையில், ஹிப்னாடிச நிலையில் இருந்தவர்கள் ஆபத்தான செயல்களைச் செய்யத் துணிந்தார்கள். அதே செயல்களை, ஆட்பட்டதுபோல் நடிக்கச் சொல்லப்பட்டவர்களும் செய்யத் துணிந்தார்கள். ஆய்வாளர் தங்களுக்குத் தீங்கு வர விடமாட்டார் என்ற நம்பிக்கை இரு சாராருக்கும் இருந்தது. கோவாவில் பிறந்து பாரிஸில் வாழ்ந்த பாதிரியார் பாரியா இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே, வல்லமை செய்பவரிடம் இல்லை, செய்துகொள்பவரிடம் இருக்கிறது என்று வாதிட்டார்.

பலர் கேட்டது: "ஆழ்மனத்தைத் திறந்து ஒரே அமர்வில் குணம்" என்று விளம்பரங்கள் வருகின்றன. நம்பிப் போகலாமா? யாரிடம் போவது?

அவர் ஹிப்னாடிசம் தெரியாமலே உங்கள் பிரச்சினைக்குச் சிகிச்சை செய்யத் தகுதியுள்ளவரா என்று முதலில் கேளுங்கள். மருத்துவராக இருந்தால் இலங்கை மருத்துவ சபையில் பதிவு இருக்க வேண்டும். குறுகிய காலச் சான்றிதழ் ஒன்றை மட்டும் சட்டம் போட்டு மாட்டியிருந்தால் எழுந்து வந்துவிடுங்கள். "மறந்துபோன சிறுவயதுக் கொடுமையை வெளியே எடுக்கிறேன்" என்று முதல் நாளே சொல்கிறவரிடமும் இருக்க வேண்டாம். மேலே நகை பற்றிச் சொன்னதே இதற்கும் பொருந்தும், விளைவு இன்னும் கொடியது. காதில் குரல் கேட்பது, யாரோ பின்தொடர்வதாக நம்புவது போன்ற அறிகுறிகள் இருந்தால் ஹிப்னாடிசத்தை நாட வேண்டாம், மனநல மருத்துவரையே பாருங்கள். பெண்களும் பிள்ளைகளும் போகும்போது கூட ஒருவரை அழைத்துப் போகலாமா என்று கேளுங்கள். மறுத்தால் அந்த இடம் உங்களுக்கு வேண்டாம்.

எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்கள் அரச வைத்தியசாலைகளின் மனநலச் சிகிச்சை நிலையங்களுக்குப் போகலாம், கட்டணம் இல்லை. அவசரமென்றால் அங்கொடையிலுள்ள தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள்.